அம்மா பெயரில் ஓர் அறவாரியம்: மூன்றாம் ஆண்டைத் தாண்டுவது எப்படி?

ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற தாயார் காலமானால், நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரியான பேச்சுதான் எழும். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்து பிள்ளைகள் ஒன்றாக உட்காரும்போது, "அம்மா பெயரில் ஏதாவது செய்யவேண்டும்" என்பார் மூத்தவர். "வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுக்கலாமே" என்பார் இளையவர். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று அப்போதே பேச்சு முடிந்துவிடும்.

முதலாண்டில் பள்ளி மண்டபத்தில் பரிசளிப்பு நடக்கும், நாளேட்டில் படமும் வரும். இரண்டாம் ஆண்டில் பணம் சேரத் தாமதமாகும். மூன்றாம் ஆண்டில் ஒருவருக்கு வேலை போயிருக்கும், இன்னொருவர் வெளிநாடு சென்றிருப்பார், கணக்கை வைத்திருந்தவருக்கு நேரம் இருக்காது. நிதி சத்தமில்லாமல் நின்றுவிடும்.

இதில் உண்மையாகவே அடிபடுவது, முதலாண்டில் "உன் டிப்ளோமா முடியும்வரை நாங்கள் இருக்கிறோம்" என்ற சொல்லை நம்பிக் கல்லூரிக்குப் போன மாணவிதான். தோட்டத்திலிருந்தோ அடுக்குமாடி வீட்டிலிருந்தோ வந்த அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட வேறு வழி இருக்காது.

நல்ல மனம் இருந்தும் இப்படி ஆவது ஏன்? அறவாரியம் என்பது உண்மையில் எப்படி இயங்குகிறது? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறவாரியம் என்றால் என்ன?

மலேசியாவில் அறவாரியம் என்றும், சிங்கப்பூரில் அறநிறுவனம் என்றும், பொதுவாக அறக்கட்டளை என்றும் சொல்கிறோம். பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றே. ஒருவர் தம் பணத்தையோ சொத்தையோ ஒரு பொது நோக்கத்துக்கென ஒதுக்கி, அதைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கிறார். அதன் பிறகு அது கொடுத்தவரின் பணம் அல்ல. பொறுப்பாளர்களின் பணமும் அல்ல. எந்த நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்டதோ, அந்த நோக்கத்துக்கு உரிய பணம்.

எது பொது அறம் என்பதற்கு, இரு நாடுகளுக்கும் வழிகாட்டியாக இருந்த ஆங்கிலேயச் சட்டம் 1891ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் நான்கு வகைகளைச் சொன்னது: வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமூகத்துக்கு நன்மை தரும் பிற பணிகள். இன்றும் அதிகாரிகள் இந்தச் சட்டகத்தை ஒட்டியே பார்க்கிறார்கள்.

இங்கே பல குடும்பங்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. "நம் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று எழுதினால் அது குடும்ப உதவியாகிவிடும், பொது அறமாகாது. பதிவும் வரிச்சலுகையும் வேண்டுமானால், பயன் பெறுவோர் பொதுமக்களில் ஒரு பிரிவினராக இருக்க வேண்டும்.

கிறிஸ்டா மெக்காலிஃப்: ஓர் ஆசிரியையின் பெயர் நிலைத்த கதை

சட்டங்களுக்குப் போகுமுன், இதைச் சரியாகச் செய்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்பது நல்லது. உலகம் அறிந்த ஒரு கத்தோலிக்கத் தாய், பள்ளி ஆசிரியை: அமெரிக்காவின் கிறிஸ்டா மெக்காலிஃப்.

1948ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி பாஸ்டன் நகரில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஃப்ரேமிங்ஹாம் நகரின் கத்தோலிக்கப் பள்ளியான மரியன் உயர்நிலைப்பள்ளியில் படித்தார். பிறகு நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் தலைநகரான கான்கார்டில், அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்றில் சமூகவியல் ஆசிரியையாக இருந்தார். அமெரிக்கப் பெண்களின் வரலாற்றைச் சொல்ல அவரே ஒரு பாடத்திட்டம் வகுத்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். தம் பங்குத் தேவாலயத்தில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பும் எடுத்தார்.

விண்வெளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பும் திட்டத்துக்கு 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 1985 ஜூலையில் கிறிஸ்டா தேர்வானார். பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனார். விண்ணிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதாக ஏற்பாடு. 1986 ஜனவரி 28ஆம் தேதி, சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. கிறிஸ்டாவும் உடனிருந்த ஆறு பேரும் மாண்டனர். அவருடைய மாணவர்கள் அந்தக் காட்சியைப் பள்ளியில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். அதே 1986ஆம் ஆண்டிலேயே இரண்டு ஏற்பாடுகள் தொடங்கின.

முதலாவது, கிறிஸ்டா மெக்காலிஃப் பெயரிலான ஆசிரியர் விடுப்பு நிதி. நியூ ஹாம்ஷயர் மாநில அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு முழுவதும் சம்பளத்துடன் விடுப்பும் பொருட்செலவுக்குப் பணமும் கொடுப்பது இதன் வேலை. வகுப்பு நேரத்துக்கு இடையே செய்ய முடியாத ஒரு நல்ல கற்பித்தல் யோசனையை அந்த ஓராண்டில் அவர் நிறைவேற்றிக் காட்ட வேண்டும். இதற்காகப் புதிதாக அலுவலகமோ நிர்வாகமோ ஏற்படுத்தவில்லை. 1962ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நியூ ஹாம்ஷயர் சமூக அறக்கட்டளை என்ற பொது அமைப்பின் கீழ் நிதி வைக்கப்பட்டது. கணக்கும் முதலீடும் அந்த அமைப்பின் பொறுப்பு.

இரண்டாவது, சேலஞ்சர் மையம். மாண்ட ஏழு பேரின் குடும்பங்களும் சேர்ந்து தொடங்கிய தனி நிறுவனம் இது. 1988இல் ஹூஸ்டன் நகரில் முதல் கற்றல் கூடத்தைத் திறந்தார்கள். மாணவர்கள் பாதிப்பேர் கட்டுப்பாட்டு அறையிலும் பாதிப்பேர் விண்கலத்திலும் இருப்பதாகக் கொண்டு, கணக்கும் அறிவியலும் பயன்படுத்தி ஒரு பயணத்தை நடத்தி முடிக்க வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஓர் அருங்காட்சியகமோ கல்லூரியோ பள்ளி நிர்வாகமோ இடம் கொடுத்து நடத்துகிறது. அமெரிக்காவுக்கு வெளியேயும் இத்தகைய கூடங்கள் திறக்கப்பட்டன.

கிறிஸ்டா நடத்தாமல் போன பாடங்களையும் அவர்கள் விடவில்லை. அவர் விட்டுச்சென்ற திட்டங்களைக் கொண்டு, 2018இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருந்த இரண்டு முன்னாள் ஆசிரியர்கள் அந்தச் சோதனைகளைச் செய்து பதிவு செய்தார்கள். 32 ஆண்டுகள் கழித்துப் பாடம் மாணவர்களைச் சென்றடைந்தது.

கான்கார்டில் மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் கிறிஸ்டாவுக்குச் சிலையும் இருக்கிறது. அது திறக்கப்பட்டது 2024 செப்டம்பரில். விடுப்பு நிதியும் கற்றல் மையமும் முதலாண்டிலேயே வந்துவிட்டன, சிலை 38 ஆண்டுகள் கழித்து வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் கல்வெட்டிலும் பெயர்ப்பலகையிலும் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம்.

அந்தக் கதையிலிருந்து மூன்று செய்திகள்

ஒன்று, நோக்கம் அந்தப் பெண்மணியின் வாழ்க்கையிலிருந்தே வந்தது. பள்ளியில் விடுப்பு எடுத்துப் புதியதைக் கற்கப் போனவர் அவர். அதனால் அவர் பெயரிலான நிதி, ஆசிரியர்களுக்கு அதே வாய்ப்பைத் தருகிறது. பெயரும் வேலையும் ஒட்டியிருப்பதால், எதற்காக இந்த நிதி என்று யாரும் கேட்பதில்லை.

நம் அம்மாக்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். ஒருவர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதில் பெயரெடுத்தவராக இருப்பார். இன்னொருவர் எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்துக்கு மாணவர் சேர்த்தவராக இருப்பார். வேறொருவர் படிப்பை நிறுத்தப்போன பெண்பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பெற்றோரிடம் பேசியவராக இருப்பார். "கல்விக்கு உதவி" என்று பொதுவாக எழுதுவதைவிட, அந்த ஒரு வேலையை நோக்கமாக எழுதினால் நிதி சிறிதாக இருந்தாலும் பலன் தெரியும்.

இரண்டு, கத்தோலிக்கரான அவர் பெயரிலான விடுப்பு நிதியில் சமயப் பாகுபாடு இல்லை. எந்தச் சமயத்தைச் சேர்ந்த ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் கான்வென்ட் பள்ளிகளிலும் பணியாற்றிய கத்தோலிக்க ஆசிரியைகளின் வகுப்பில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வகுப்பறையை நினைவுகூரும் நிதிக்கும் அதே கதவு இருப்பது பொருத்தம்.

மூன்று, குடும்பம் மட்டுமே சுமக்கவில்லை. ஒன்றை ஏற்கெனவே இருந்த ஓர் அமைப்பு ஏற்றது. மற்றொன்றை ஏழு குடும்பங்கள் சேர்ந்து தொடங்கினாலும், ஊர் தோறும் உள்ள நிறுவனங்கள் பங்கெடுத்தன. பிள்ளைகளின் கையில் மட்டும் இருக்கும் நிதி, பிள்ளைகளின் சூழ்நிலையோடு ஏறி இறங்கும். மூன்றாம் ஆண்டுச் சிக்கலின் வேர் இதுதான்.

மலேசியாவில் உள்ள வழிகள்

முதல் வழி, சங்கமாகப் பதிவு செய்வது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்கலாம். சட்டவிதிகள், செயற்குழு, கணக்காய்வாளர் ஆகியவை வேண்டும். ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். செலவு குறைந்த வழி இது. ஆனால் ஆண்டறிக்கையை அனுப்பாமல் விட்டுவிட்டுப் பதிவை இழக்கும் சங்கங்களும் உண்டு.

இரண்டாம் வழி, 1952ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டத்தின் கீழ்ப் பதிவு. பிரதமர் துறையின் சட்ட விவகாரப் பிரிவு இதைக் கவனிக்கிறது. கல்வி, சமயம், சமூக நலம் போன்ற நோக்கங்களுக்கான அறங்காவலர் குழுவுக்குச் சட்டப்படி தனி ஆளுமை கிடைக்கும். அதாவது, அறங்காவலர்கள் மாறினாலும் சொத்து அறவாரியத்தின் பெயரிலேயே இருக்கும். வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தை அம்மா விட்டுச் சென்றிருந்தால் இந்த வழி கவனிக்கத் தக்கது.

மூன்றாம் வழி, 2016ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவு செய்வது. இதில் பங்குகள் இல்லை, இலாப ஈவும் இல்லை. வருமானம் முழுவதும் நோக்கத்துக்கே போக வேண்டும். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம். இதைக் கண்காணிக்கிறது. 'யயாசான்' என்ற சொல்லைப் பெயரில் சேர்க்கத் தனி நிபந்தனைகள் உண்டு. தொடக்க நிதி கணிசமாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்காய்வுச் செலவும் வரும். பெரிய நிதி உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

நான்காம் வழியைப் பலர் யோசிப்பதில்லை. புதிதாக எதையும் பதிவு செய்யாமல், ஏற்கெனவே நல்ல முறையில் இயங்கும் ஓர் அமைப்புக்குள் அம்மா பெயரில் ஒரு தனி நிதியை ஏற்படுத்துவது. கிறிஸ்டாவின் விடுப்பு நிதி நடப்பது இப்படித்தான். பல்கலைக்கழகங்கள், பதிவுபெற்ற கல்வி அறவாரியங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவை இத்தகைய நிதியை ஏற்பது உண்டு. நோக்கம், தொகை, தேர்வு முறை, அறிக்கை கொடுக்க வேண்டிய காலம் ஆகியவற்றை எழுத்தில் ஒப்பந்தமாக்கிக்கொள்ள வேண்டும். கையில் சில பத்தாயிரம் வெள்ளி மட்டும் உள்ள குடும்பத்துக்கு இதுவே பெரும்பாலும் ஏற்ற வழி.

இவற்றில் எதையும் செய்யாமல், ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் பொதுமக்களிடம் பணம் சேர்ப்பதுதான் ஆபத்து. கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் அந்தப் பணம் அவருடைய சொத்தோடு சேர்ந்து முடங்கும். திவாலானால் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். தெருவிலும் வீடு வீடாகவும் நிதி திரட்டக் காவல்துறையின் அனுமதி வேண்டும் என்று 1947ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

வரிவிலக்கு: எல்லா ரசீதும் ஒன்றல்ல

"எங்களுக்குக் கொடுத்தால் வரி கழியும்" என்று சொல்லக் கேட்டிருப்போம். பதிவு பெற்ற அமைப்பு என்பதாலேயே அது கிடைத்துவிடாது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வாரியம் தனியாக அங்கீகாரம் தந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட அமைப்புக்குக் கொடுத்த ரொக்க நன்கொடையை, கொடுத்தவர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். மொத்த வருமானம் 60,000 வெள்ளி என்றால், கழிக்கக்கூடியது 6,000 வெள்ளி வரை.

ரசீதில் 44(6) பிரிவின் அங்கீகார விவரம் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த நன்கொடை அறமாக இருக்கும், வரிக் கணக்கில் வராது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குள் நிதி வைத்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

சிங்கப்பூரில்

சிங்கப்பூரில் அறநிறுவனங்களை அறநிறுவன ஆணையாளர் கண்காணிக்கிறார். அறநோக்கத்துக்கென மட்டுமே ஓர் அமைப்பைத் தொடங்கினால் மூன்று மாதத்துக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அவர்களில் இருவராவது குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும்.

வரிக்கழிவு அங்கே இன்னும் தாராளம். பொது நல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தால், கொடுத்த தொகையின் 250 விழுக்காட்டை வருமானத்திலிருந்து கழிக்கும் சலுகை 2009ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. 1,000 வெள்ளி கொடுத்தால் 2,500 வெள்ளி கழியும். காலவரம்புள்ள சலுகை என்பதால், கொடுக்கும் ஆண்டின் விகிதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அறநிறுவனமாகப் பதிவு பெறுவது ஒன்று, பொது நல அமைப்பு என்ற தகுதி மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2008இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ச் சமூக அறநிறுவனம், நியூ ஹாம்ஷயரில் பார்த்த அதே முறையில் இயங்குகிறது. ஒருவர் 200,000 வெள்ளியிலிருந்து தம் குடும்பத்தார் பெயரில் ஒரு நிதியை அங்கே தொடங்கலாம். எந்தப் பணிக்குக் கொடுப்பது என்று குடும்பம் ஆலோசனை சொல்லும். நிர்வாகம், கணக்கு, சரிபார்ப்பு எல்லாம் அறநிறுவனத்தின் பொறுப்பு. அவ்வளவு தொகை இல்லாதவர்கள் பள்ளி, பல்கலைக்கழக உதவிநிதிகளையோ, இந்தியச் சமூகத்துக்காக 1991 முதல் இயங்கும் சிண்டாவையோ அணுகலாம்.

பங்குத் தேவாலயத்திடம் கொடுத்தால்?

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். அம்மா ஞாயிறு தவறாமல் போன தேவாலயத்திலேயே பணத்தைக் கொடுத்து, அவர் பெயரில் திருப்பலியும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியும் நடக்கட்டும் என்று நினைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பங்குத் தந்தையிடம் உறையில் வைத்துக் கொடுப்பதற்கும், நிலையான நிதி வைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இத்தகைய நிதிகளுக்கென்றே விதிகளை வைத்திருக்கிறது. கொடுத்தவரின் விருப்பத்தை, அது முறையாக ஏற்கப்பட்ட பிறகு, கவனமாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது 1300ஆம் விதி. நிலைநிதியைப் பங்கு ஏற்க, மறைமாவட்ட அதிகாரியின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்கிறது 1304ஆம் விதி. நிதியால் வரும் கடமைகள் மறந்துபோகாமல் இருக்கப் பட்டியலும் பதிவேடும் வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பங்குத் தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். எழுத்தில் இருந்தால்தான் அடுத்து வருபவருக்குத் தெரியும்.

நிலைநிதி வைக்குமளவு தொகை இல்லை என்றால், பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சங்கம் இருக்கிறது. 1833இல் பாரிஸில் ஃப்ரெடெரிக் ஓசானாம் என்ற இளைஞரும் நண்பர்களும் தொடங்கிய இந்த அமைப்பின் உறுப்பினர்கள் உதவி வேண்டிய வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து உதவுபவர்கள். எந்தப் பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை, எந்த வீட்டில் பேருந்துக் காசு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் ஆண்டுக் கணக்கு

இப்போது தொடக்கத்தில் சொன்ன சிக்கலுக்கு வருவோம். ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 வெள்ளி. மூன்றாண்டு டிப்ளோமா படிக்கும் மாணவருக்கு ஆண்டுக்கு 2,000 வெள்ளி என்று தீர்மானிக்கிறார்கள்.

கையில் 12,000 வெள்ளி இருக்கிறதே என்று முதலாண்டில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆறு பேருக்கே மூன்றாண்டும் பணம் சரியாகிவிடும். இரண்டாம் ஆண்டில் புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது. ஆனால் பரிசளிப்பு நடத்த வேண்டுமே என்று மேலும் சிலரைச் சேர்ப்பார்கள். அங்கேதான் முடிச்சு விழும்.

ஆண்டுக்கு இரண்டு பேர் என்று தொடங்கினால் கணக்கு வேறு. முதலாண்டில் செலவு 4,000 வெள்ளி, இரண்டாம் ஆண்டில் 8,000, மூன்றாம் ஆண்டு முதல் 12,000. அதன் பிறகு ஆண்டுதோறும் இருவர் முடித்துப் போவார்கள், இருவர் புதிதாக வருவார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் மிஞ்சிய 8,000 மற்றும் 4,000, ஆக 12,000 வெள்ளி, சேமிப்பாக நிற்கும். ஒருவர் சில காலம் பணம் போட முடியாவிட்டாலும் எந்த மாணவருக்கும் சொன்ன சொல் தவறாது.

மொத்தமாக ஒரு தொகை இருந்தால் இரண்டு வழி உண்டு. 100,000 வெள்ளியை வைப்பில் போட்டு 3.5 விழுக்காடு கிடைத்தால் ஆண்டுக்கு 3,500 வெள்ளி வரும், முதல் குறையாது. ஆனால் விலைவாசி ஏற ஏற அந்த 3,500இன் மதிப்பு குறையும். மற்றொரு வழி, 60,000 வெள்ளியை ஆண்டுக்கு 6,000 வீதம் பத்தாண்டில் கொடுத்து முடிப்பது என்று முன்கூட்டியே அறிவிப்பது. எல்லா நிதியும் என்றென்றும் இருக்க வேண்டும் என்பதில்லை. சொன்னபடி பத்தாண்டு நடந்து முறையாக முடிவது, என்றென்றும் என்று சொல்லி மூன்றாண்டில் நிற்பதைவிட மேல்.

சிறு தொகை என்று கூச்சப்பட வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரத் தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் போட்டார்கள். அந்தப் பணம் தோட்டங்களை வாங்கியது. அது அறவாரியம் அல்ல, கூட்டுறவு. ஆனாலும் சிறு தொகையும் ஒழுங்கான கணக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் தாத்தா பாட்டிமார் காட்டிவிட்டார்கள்.

தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

பதிவு எந்த வழியில் ஆனாலும், குடும்பம் முதல் கூட்டத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டியவை இவை:

1. நோக்கம். ஒரே வாக்கியத்தில், அம்மா செய்த வேலையோடு ஒட்டி.

2. யாருக்கு. எந்தப் பள்ளி அல்லது வட்டாரம், எந்த வருமான வரம்பு, எந்தப் படிப்பு. குடும்ப உறுப்பினர்களின் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியாது என்ற வரியும் வேண்டும்.

3. யார் தேர்ந்தெடுப்பது. மூவர் குழுவில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கிடைத்தால் நல்லது.

4. பணம் எங்கே. அமைப்பின் பெயரில் கணக்கு, காசோலைக்கு இருவர் கையொப்பம், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை. கட்டணத்தை நேரே கல்லூரிக்குச் செலுத்துவது பாதுகாப்பு.

5. எத்தனை ஆண்டு. ஒரு மாணவரை ஏற்றால் அவர் படிப்பு முடியும்வரை உள்ள தொகையை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

6. முடிவு எப்படி. நிதியைத் தொடர முடியாவிட்டால் மிச்சப் பணம் எந்த அமைப்புக்குப் போகும் என்பது. பதிவு அதிகாரிகளும் இதைக் கேட்பார்கள்.

மாணவரின் கண்ணியம் பற்றியும் ஒரு வரி. உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றி, பெரிய மாதிரிக் காசோலையோடு படமெடுத்து, அவர் வீட்டு நிலைமையை ஒலிபெருக்கியில் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது என்பது நல்ல ஆசிரியைக்குத் தெரியும். அதை அவர் வகுப்பு முன் சொன்னதில்லை. அவர் பெயரிலான நிதியும் அப்படியே நடந்துகொள்ளலாம்.

கிறிஸ்டா ஒருமுறை, தாம் எதிர்காலத்தைத் தொடுவதாகவும் கற்பிப்பதே அதற்கு வழி என்றும் சொன்னார். அவர் பெயரால் ஓராண்டு விடுப்பு பெறும் ஆசிரியர் திரும்பி வந்து அதைத்தான் செய்கிறார். நம் ஊரில் ஓர் அம்மாவின் பெயரில் ஆண்டுக்கு இரண்டே பிள்ளைகள் படித்து முடித்தாலும் பத்தாண்டில் இருபது பேர். அவர்களில் ஒருவர் அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி வரவும் கூடும்.